பலிபீடத்துக்குப் போகும் வழியில் அயலான்

லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்களை நாம் பிரசங்கத்துக்கு எடுப்பது அரிது. எடுத்தாலும், ஐந்து பலிகளையும் சிலுவையின் நிழலாகக் காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம். அப்படி வாசிக்க எபிரெயர் நிருபமே நமக்குக் கற்றுத் தந்தது. அந்த வாசிப்பு நம் விசுவாசத்தின் அடித்தளம். ஆனால் கிறிஸ்து ஒரேதரம் பலியானார் என்று 10ஆம் அதிகாரத்தில் அறுதியிடும் அதே நிருபம், 13ஆம் அதிகாரத்தில் சபை இன்னும் செலுத்தவேண்டிய பலிகளைச் சொல்கிறது: உதடுகளின் ஸ்தோத்திரம், நன்மை செய்தல், உள்ளதைப் பகிர்தல். முதலாவதை நம் ஆராதனைகள் நிறைவாகவே செலுத்துகின்றன. மற்ற இரண்டையும் ஆராதனையிலிருந்து பிரித்து, சமூகப்பணிக் குழுவின் பொறுப்பில் விட்டுவிட்டோம். இந்தப் பிரிவினை லேவியராகமத்தில் இல்லை.

குற்றநிவாரண பலியைப் பாருங்கள் (6:1-7). தன்னிடம் ஒப்படைத்த பொருளை இல்லையென்று மறுத்தவன், பறித்துக்கொண்டவன், கண்டெடுத்ததை ஒளித்துப் பொய்யாணை இட்டவன் ஆகியோருக்கான கட்டளை அது. ஆட்டுக்கடாவோடு வந்தால் மட்டும் போதாது. எடுத்ததை முழுமையாகத் திருப்பித் தந்து, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி, பலியிடும் நாளிலேயே உரியவன் கையில் சேர்க்கவேண்டும். அயலானுக்குச் செய்த அநியாயம் கர்த்தருக்கு விரோதமான துரோகம் என்றே அப்பகுதி தொடங்குகிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதும் இந்த ஒழுங்கைத்தான்.

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறைமை இதை அறிந்தே அமைந்தது. காணிக்கைக்கு முன்பாகச் சமாதானம் பகிரும் செயலை அது வைத்தது. கையோடு கை சேர்த்து அது சபையெங்கும் கடத்தப்படும். இன்று பல இடங்களில் அது பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு புன்னகை என்ற அளவில் முடிந்துவிடுகிறது. பேசாதிருக்கும் இரு குடும்பங்கள், தீராத நிலத் தகராறு, தராமல் இழுத்தடிக்கும் கூலி: இவற்றோடு அந்தக் கைகோர்த்தலுக்கு என்ன தொடர்பு என்று போதகர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

லேவியராகமத்தின் 5ஆம் அதிகாரம் ஏழையை நினைக்கிறது. ஆட்டுக்கு வழியில்லாதவர் இரண்டு காட்டுப்புறாக்களையோ புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லையென்றால் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு போதும். அதில் இரத்தம் இல்லை. ஆனாலும் அது பாவநிவாரண பலியாகவே ஏற்கப்பட்டது. மன்னிப்பும் ஆட்டைக் கொண்டுவந்தவனுக்குக் கிடைத்த அதே மன்னிப்பு. பிள்ளை பெற்ற தாய்க்கும் இப்படியொரு சலுகை உண்டு. மரியாள் எருசலேமுக்கு வந்தபோது அந்த ஏழையின் காணிக்கையையே செலுத்தினாள் என்று லூக்கா எழுதுகிறார். காணிக்கைத் தொகையைப் பெயரோடு வாசிக்கும் வழக்கமுள்ள சபைகள் இந்த அதிகாரத்தின் முன் நின்று தங்களைச் சோதித்துப் பார்க்கட்டும்.

சமாதானபலியோ விருந்தில் நிறைவடைகிறது. கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் ஆசாரியருக்கு, மீதி செலுத்தினவருக்கு. ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்தியதை அன்றைக்கே புசிக்கவேண்டும். விடியும்வரை எதையும் மீதி வைக்கக்கூடாது (7:15). ஒரு மாட்டின் இறைச்சியை ஒரு வீட்டார் ஒரே நாளில் உண்டு தீர்க்க முடியாது. பலரை அழைத்தே ஆகவேண்டும். கர்த்தருடைய சந்நிதியில் மகிழ்ந்திருக்க அழைக்கப்பட்டவர்களில் அந்நியனையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் உபாகமம் 16ஆம் அதிகாரம் பெயர்சொல்லிக் குறிக்கிறது. நன்றி என்பது பந்தி விரிவதில்தான் முழுமையடைகிறது.

திருநெல்வேலிச் சீமையின் சபைகளில் அசன விருந்து இன்றும் இருக்கிறது. அறுப்பின் பண்டிகையும் பரவலாக ஆசரிக்கப்படுகிறது. ஆராதனை முடிந்தபின் நடக்கும் நிகழ்ச்சிகளாக அவற்றைக் கருதாமல், ஆராதனையின் பகுதியாகவே நடத்துங்கள். பாவ அறிக்கையில் திருப்பிக் கொடுக்கவேண்டியவற்றை நினைக்க ஒரு மௌன வேளை தாருங்கள். காணிக்கை ஜெபத்தில், கொடுக்க ஒன்றுமில்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்தியில் முதல் வரிசை யாருக்கு என்பதைச் சபைக்கமிட்டி முன்கூட்டியே தீர்மானிக்கட்டும். ஊரில் எந்த வீட்டாரும் விருந்துக்கு அழைக்காதவர்களே அந்த வரிசைக்கு உரியவர்கள்.