ஓடாத கப்பல்

கப்பலின் பெருமை அதன் ஓட்டத்திலேதான் உள்ளது என்று எண்ணுவது நம் வழக்கம். இயந்திரத்தை இழந்து ஓரிடத்தில் நின்ற கப்பலொன்று, பிற கப்பல்கள் தடையின்றிச் செல்ல உதவிய வரலாற்றை இவ்வாரம் நோக்குவோம்.

இரண்டாம் உலகப் போரிலே நீர்மூழ்கிகளுக்கு இரையான சரக்குக் கப்பல்களுக்கு ஈடாக, அமெரிக்கர் 'லிபேட்டி' என்னும் வகையில் 2,710 கப்பல்களைக் கட்டினர். அவற்றுள் ஒன்று, 1945இல் புளோரிடாவில் உருவான 'சார்ள்ஸ் எச். கியூகிள்'. போர் முடிந்தபின் அதற்கு வேலை இல்லாது போயிற்று.

1960களில் அமெரிக்கத் தரைப்படையினர் அதனைத் தெரிந்தெடுத்தனர். கப்பலைச் செலுத்தும் இயந்திரத்தை அகற்றி, நடுப்பகுதியை மாற்றிக் கட்டி, அங்கே அணு உலையொன்றை அமைத்தனர். 'ஸ்ரேர்ஜிஸ்' என்ற புதுப் பெயருடன், 10,000 கிலோவாற் மின்சாரம் அளிக்கும் உலகின் முதலாவது மிதக்கும் அணுமின் நிலையமாக அது மாறியது. 1968இல் அதனைப் பனாமாக் கால்வாயின் கற்றூன் ஏரிக்கு இழுத்துச் சென்றனர்.

கடல்கள் இரண்டை இணைக்கும் கால்வாயில் மின்சாரத்துக்கு என்ன குறை என மாணவர் வினவலாம். குறை நீரிலேயே இருந்தது. கப்பல்களை ஏற்றி இறக்கும் அடைப்புகள் ஏரியின் நன்னீராலேயே இயங்குவன. ஒரு கப்பல் கடந்து செல்ல ஏறக்குறைய 20 கோடி லீற்றர் நீர் கடலிற் கலந்துவிடும். நீர்மின் நிலையமும் அவ்வேரி நீரையே நாடியது. வறட்சிக் காலத்திலே இரண்டிற்கும் நீர் போதவில்லை. ஸ்ரேர்ஜிஸ் தந்த மின்சாரத்தால் மிஞ்சிய நீர், கப்பல்களுக்கு வழியாயிற்று.

1976இல் அது பனாமாவிலிருந்து விடைபெற்றது. எரிபொருளை அகற்றிய பின்னரும் உலையிற் கதிர்வீச்சு எஞ்சியிருந்தது. ஆகவே வேர்ஜினியாவில் நெடுங்காலம் காவலில் வைத்தனர். 2015இல் ரெக்சாஸ் மாநிலத்துக்கு இழுத்துச் சென்று, உலையைப் பகுதி பகுதியாகப் பிரித்தகற்றினர். 2019ஆம் ஆண்டளவில் எஞ்சிய உடலும் பழைய இரும்பாயிற்று.

பனாமாவிற் பணி ஏறத்தாழ எட்டாண்டு. அதன்பின் காவலும் கலைப்பும் நாற்பதாண்டுக்கு மேல். அக்கப்பல் செய்த உதவி பெரிது. அது விட்டுச்சென்ற சுமையும் சிறிதன்று. புதிய ஆற்றலொன்றைக் கையாள முனைவோர், தொடங்கும் நாளிலேயே முடிக்கும் வகையையும் எண்ணுதல் வேண்டும். நாளை பொறியியல் பயிலப்போகும் நம் மாணவர் இதனை நெஞ்சில் இருத்துவாராக.