முதல் முறிவில் கேட்கவேண்டியது

முற்றத்தில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்ட அம்மாக்களை எங்கள் ஊர்களில் நிறையவே காண்கிறேன். ஆஸ்பத்திரியிலோ முறிவு நெரிவு வைத்தியரிடமோ கை பொருந்தியதும் விடயம் முடிந்தது. எலும்பு ஏன் இவ்வளவு இலகுவில் முறிந்தது என்று எவரும் கேட்பதில்லை. அடுத்தது இடுப்பெலும்பாக இருக்கலாம். போரில் கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்துத் தனித்திருப்பவர் விழுந்தால் தூக்கிவிடவும் ஆளில்லை.

எலும்படர்த்தியை அளக்கும் ஸ்கான் வசதி இல்லை என்பது சாட்டு. இலங்கையருக்கென உள்ள ஃபிராக்ஸ் கணிப்பு, ஸ்கான் இல்லாமலே வயது, எடை, பழைய முறிவு போன்றவற்றை வைத்து அடுத்த 10 ஆண்டுகளுக்கான ஆபத்தைச் சொல்லும். ஆபத்துக் கூடியவர்களுக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேற் குளிசை இருக்கிறது. சுகவனிதையர் கிளினிக் 35 வயதில் பெண்களை அழைக்கிறது. அறுபதைத் தாண்டியவர்களை யார் அழைப்பது? கட்டு அவிழ்க்கும் நாளிலேயே இந்தக் கணிப்பைச் செய்ய, பயிற்றப்பட்ட ஒரு தாதி போதும்.