எப்படி பாஸ்? - நின்னாதான் ஓடும்!

இந்த வாரம் ஒரு குட்டி ஹோம்வொர்க். எங்க கள்ளிக்குப்பம் மாதிரி உங்க ஏரியாவிலும் டெய்லர் கடை இருக்கும்ல? அங்கே போய் தையல் மெஷினைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஊசிக்குக் கீழே பல்லு பல்லா ஒரு இரும்புத் துண்டு தெரியும். ஊசி மேலே இருக்கும்போது அந்தப் பல் எழுந்து துணியை ஒரு தையல் தூரம் தள்ளும். ஊசி இறங்கும்போது பதுங்கிடும். துணி நிற்கும், தையல் விழும்.

'சரி, அதுக்கென்ன இப்போ?'ங்கறீங்களா? லூமியர் சகோதரர்கள் தங்கள் சினிமா கேமராவுக்கு ஐடியா பிடிச்சதே இந்தத் தையல் மெஷினில் இருந்துதான்!

கேமராவுக்குள்ளே ஃபிலிம் நிற்காம ஓடினா, படம் மொத்தமும் கோடு கோடா இழுத்துக்கும். அதனால் ஒவ்வொரு ஃப்ரேமும் லென்ஸுக்குப் பின்னாடி ஆடாம அசையாம நிக்கணும். அதுக்குத்தான் ஒரு குட்டிக் கொக்கி. 'கிளா'னு பேரு. ஷட்டர் மூடியிருக்கும்போது கிளா வெளியே வரும், ஃபிலிம் ஓரத்து ஓட்டையில் மாட்டும், ஒரு ஃப்ரேம் கீழே இழுக்கும், விலகிடும். ஃபிலிம் நின்னதும் ஷட்டர் திறக்கும். க்ளிக்! மறுபடியும் முதல்ல இருந்து.

வீட்டு விசேஷங்களைப் படம் பிடிக்க 1965-ல் கோடாக் கொண்டுவந்த சூப்பர் 8 கேமராவில் இது நொடிக்கு 18 தடவை நடக்கும். ஒவ்வொரு இழுப்பும் 4.23 மில்லிமீட்டர்தான்! 50 அடி ஃபிலிமில் 3,600 ஃப்ரேம். கணக்குப் போட்டா 3 நிமிஷம் 20 நொடி. காதுகுத்து, கல்யாணம் எல்லாத்தையும் அதுக்குள்ளே அடக்கணும். ரீடேக் எல்லாம் காஸ்ட்லி பாஸ்!

இந்தக் கொக்கி ஒரு கொலை வழக்கில் கடிகாரமாவும் இருந்திருக்கு. 1963 நவம்பர் 22-ல் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதை, சாவி கொடுக்கிற 8 மி.மீ. கேமராவில் பிடிச்சவர் ஆபிரகாம் சப்ரூடர். தொழில்? ரெடிமேட் துணி தயாரிப்பு! அந்த கேமராவின் வேகம் நொடிக்கு 18.3 ஃப்ரேம்னு எஃப்.பி.ஐ. அளந்தது. குண்டு பாய்ந்த நேரத்தை விசாரணைக் கமிஷன் ஃப்ரேம்களை எண்ணித்தான் கணக்குப் போட்டுச்சு.

இப்போ மேட்டருக்கு வருவோம். உங்க வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ஃபிலிம் சுருள் கிடக்குதா? உடனே பழைய புரொஜக்டரில் மாட்டிடாதீங்க, ப்ளீஸ்! அந்தக் காலத்து ஹோம் மூவி ஃபிலிம் பெரும்பாலும் அசிட்டேட். நம்ம சென்னை வெக்கையும் ஈரமும் சேர்ந்தா அது மெதுவா அழியும், வினிகர் வாசனை அடிக்கும், சுருங்கும். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் உள்ள தூரம் குறைஞ்சிடும். ஆனா புரொஜக்டர் கொக்கிக்கு அது தெரியாதே! அது பழைய அளவிலேயே குத்தும். ஓட்டை கிழியும், கூடவே பாட்டியின் கல்யாணமும் கிழியும். படம் எடுக்க உதவின அதே டெக்னிக்தான் இப்போ வில்லன்.

என்ன செய்யலாம்? டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்க. ஈரம், வெயில் படாத இடத்துக்கு மாத்துங்க. கொக்கியோ பல்சக்கரமோ இல்லாம ரோலரிலேயே ஃபிலிமை நகர்த்தும் ஸ்கேனர் வெச்சிருக்கிறவங்களாப் பார்த்துக் கொடுங்க.

நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம மெட்ராஸில் ஆர்.நடராஜ முதலியார் கையால் சுத்தி எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். இன்னிக்கு அதுக்கு ஒரு பிரதிகூட இல்லை. உங்க வீட்டு 3 நிமிஷம் 20 நொடிக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான். அது உங்க பரணில்தான் இருக்கு.

ஏணி எங்கே மக்களே?