பகலில் கண் மூடும் பச்சோந்தி
வாசகர் கேள்வி – கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: தோட்டத்துக் கிளுவை வேலியைக் கழித்துவிட்டபோது ஒரு பச்சோந்தி கிடைத்தது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் அதைக் கோழி அடைக்கும் பஞ்சாரத்தில் போட்டு ஒன்பது நாளாக வளர்க்கிறான். இருட்டினால் உடம்பு வெளுத்து, வாலைச் சுருட்டிக்கொண்டு செத்ததுபோல் இருக்கிறது. தனியாக இருந்தால் பயப்படும் என்று ராத்திரி முழுக்க லைட் போட்டு வைக்கிறான். இப்போது மூன்று நாளாகப் பகலிலும் கண்ணை மூடிக்கொள்கிறது. தண்ணீர்த் தட்டைத் தொடவே இல்லை. 'அது வீட்டில் இருந்தால் ஆகாது' என்கிறார் என் மாமியார். 'கேஸ் ஆகிவிடும்' என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வாட்ஸ்அப்பில் படத்தோடு வந்த கேள்வி இது. அடுத்த இதழ் வரும்வரை அந்த உயிர் தாங்காது என்று படத்தைப் பார்த்ததுமே தெரிந்ததால், அன்று மாலையே இவரிடம் போனில் பேசிவிட்டேன். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் ராத்திரி சங்கதி. அது நோய் இல்லை, தூக்கம். பச்சோந்தி முழுக்க முழுக்கப் பகல் பிராணி. பொழுது சாயும்போதே மெல்லிய கிளையின் நுனிக்குப் போய், கிளையை நாலு காலாலும் இறுகப் பிடித்து, வாலைக் கடிகாரச் சுருள்போலச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிவிடும். விடிந்து வெயில் மேலே பட்ட பிறகுதான் அசையும். ஏறக்குறைய 12 மணி நேரம். தடித்த கிளையை விட்டு நுனிக்கு ஏன் போகிறது என்றால், பாம்போ எலியோ ஏறி வந்தால் நுனிக்கிளை முதலில் ஆடும். ஆட்டம் தெரிந்ததும் பிடியை விட்டுப் பொத்தென்று கீழே விழுந்து தப்பித்துக்கொள்ளும்.

தூங்கும்போது நிறம் வெளுப்பதும் இயல்புதான். அதன் தோலில் உள்ள கருநிறத் துகள்கள் பகலில் பரவி நிற்கும். இரவில் செல்லின் நடுவே ஒடுங்கிவிடும். அதனால் இளமஞ்சளாகவோ சாம்பல் வெள்ளையாகவோ தெரியும். டார்ச் அடித்தால் பச்சை இலைகளுக்கு நடுவே தனியாகப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். பகலில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நம் கண்ணுக்குச் சிக்காத பிராணி, இரவில் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும்.

தம்பி அன்பால்தான் லைட்டைப் போட்டு வைத்தான். ஆனால் அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. பச்சோந்திக்கு இரவு என்றால் முழு இருட்டு வேண்டும். வெளிச்சத்தில் பாதி விழிப்பாகவே கிடக்கும். இப்படி நாலு நாள் போனால் பகலில் இரை தேடத் தெம்பு இருக்காது.

பகலில் கண்ணை மூடுவதைத்தான் நான் ஆபத்தாகப் பார்க்கிறேன். பச்சோந்தியின் இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று முன்னால் பார்த்தால் இன்னொன்று முதுகுக்குப் பின்னால் பார்க்கும். நன்றாக இருக்கும் பச்சோந்தி பகல் முழுக்கக் கண்ணை உருட்டிக்கொண்டே இருக்கும். தூசி விழுந்தால் ஒரு கண்ணைப் புடைத்து உருட்டிச் சுத்தம் செய்யும், அது வேறு. இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பகலில் உட்கார்ந்திருந்தால் தண்ணீர் இல்லை, அல்லது கண்ணில் சீழ், அல்லது உடம்பு ஓய்ந்துவிட்டது. படத்தில் கண்கள் உள்ளே குழிந்திருந்தன. எச்சத்தைப் பார்க்கச் சொன்னேன். அதில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருப்பதாகச் சொன்னார். தண்ணீர் வற்றியதற்கு அது நல்ல அடையாளம்.

பக்கத்திலேயே தட்டில் தண்ணீர் இருக்கிறதே என்று கேட்டார். தேங்கி நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் நிற்கும் பனித்துளி, மழைத்துளி, இவைதான் அதற்குத் தண்ணீர். சொட்டுநீர் போட்டிருக்கும் நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரை விஷயமும் அப்படித்தான். பையன் போட்ட சோற்றுப் பருக்கையும் செத்த ஈயும் அதன் கண்ணில் இரையே இல்லை. அசைந்தால்தான் நாக்கை நீட்டும். அந்த நாக்கு உடம்பு நீளத்துக்கும் மேலே போகும்.

அன்று நான் சொன்னது இவ்வளவுதான். பஞ்சாரத்திலிருந்து எடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இலையோடு ஒரு முருங்கைக் கிளையை நட்டு அதில் விடுங்கள். மருந்தே படாத புதுக் கைத்தெளிப்பானில் நல்ல தண்ணீர் எடுத்து, இலைகளின் மேல் மட்டும் லேசாக அடியுங்கள். வாயைப் பிளந்து ஊற்றவே வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். லைட்டை அணையுங்கள். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கடைசியில் சொன்னதற்குத்தான் பயந்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னது சரிதான். நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பது, வளர்ப்பது, விற்பது, கொல்வது எல்லாமே குற்றம். தெரியாமல் எடுத்துவிட்டவர்கள் ஒளித்து வைப்பதைவிட நாமாகப் போய்ச் சொல்வதுதான் நல்லது. இங்கே மறுநாள் காலையில் வந்த வனக்காப்பாளர் பையனைத் திட்டவில்லை. அதற்குள் அது அரை மணி நேரம் இலையை நக்கி நக்கித் தண்ணீர் குடித்துக் கண்ணைத் திறந்திருந்தது. அதே வேலியில், கழிக்காமல் விட்டிருந்த பகுதியில், வெயில் ஏறியதும் அவரே விட்டார். மாலையில் விடாமல் காலையில் விட்டதற்குக் காரணம் உண்டு. வெயில் காய்ந்து, இரை பிடித்து, ராத்திரிக்கு ஒரு நுனிக்கிளையைத் தேடிக்கொள்ள அதற்கு ஒரு பகல் தேவை.

மூன்றாம் நாள் இரவு பையனே எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். வேலி உச்சியில், வெள்ளையாக, வால் சுருளோடு. ஒரே ஒரு தடவை டார்ச் அடித்துவிட்டு அணைத்துவிட்டானாம். அதற்குப் பிறகு அது தென்படவில்லை என்றும் சொன்னான். அதே பச்சோந்திதானா என்று என்னால் சொல்ல முடியாது. அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, அதற்கு விஷம் கிடையாது. சீறுவதும் வாயைப் பிளப்பதும் வெறும் மிரட்டல். வெட்டுக்கிளி, ஈ, புழு என்று உங்கள் தோட்டத்தில்தான் சாப்பிடுகிறது. 'ஆகாது' என்று சொல்லித்தான் ஊருக்கு ஊர் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். கழுத்து சிவந்து தலையை ஆட்டுவதைப் பச்சோந்தி என்று சொல்வதும் தப்பு. அது ஆண் ஓணான். பச்சோந்திக்குத் தலையில் கொண்டை வைத்ததுபோல் எலும்பு எழும்பியிருக்கும், விரல்கள் குறடுபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும், காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் நடக்கும்.

வேலி கழிக்கிறவர்கள் முந்தின நாள் இரவே டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள். வெள்ளையாக ஏதாவது தொங்கினால் அந்தப் புதரில் ஒரு துணியைக் கட்டி வைத்து, அதை மட்டும் கடைசிக்கு விடுங்கள். ஆள் அரவம் கேட்டு அதுவே நகர்ந்துவிடும், ஆனால் அதன் வேகத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும். வெட்டிய முள்ளைக் குவித்து அன்றே தீ வைப்பதையும் தள்ளிப்போடுங்கள். வரப்போரம் மண்ணைக் கிளறும்போது கொத்தாக வெள்ளை முட்டைகள் வந்தால் புரட்டாமல் அப்படியே மூடிவிடுங்கள். முட்டையிட மட்டும்தான் பெண் பச்சோந்தி மண்ணுக்கு இறங்கிக் குழி பறிக்கிறது. பொரிய மாதக்கணக்காகும்.

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் 'யேமன் பச்சோந்தி' ஒன்று விலைக்கு வாங்கி வைத்திருக்கிறான். இரண்டு மாதம் வெளிநாடு போவதால் எங்கள் தோட்டத்து வீட்டில் விடுகிறேன் என்கிறான். வாங்கிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: அது யேமன், சவூதி அரேபியா பக்கத்து இனம். நம் பச்சோந்தி இல்லை, அதனால் சட்டமும் வேறு. உலக அளவில் வணிகக் கட்டுப்பாடு உள்ள இனம் என்பதால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மருமகனிடம் முதலில் அந்தச் சான்றைக் கேளுங்கள். அது இல்லாமல் வாங்கி வைக்காதீர்கள்.

சான்று இருந்தால், கூண்டு, விளக்கு எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். கூண்டு வலையாக, உயரமாக, உள்ளே செடியோடு இருக்க வேண்டும். புற ஊதாக்கதிர் தரும் விளக்கு அவசியம். அது இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாமல் எலும்பு வளைந்துவிடும். சாதாரண டியூப் லைட் அந்த வேலையைச் செய்யாது. காலை 6 மணிக்குப் போட்டு மாலை 6 மணிக்கு அணையுங்கள். கூடத்தில் டிவி ஓடும் இடத்தில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துப் பயனில்லை. இரவு எட்டு மணிக்கு விருந்தாளிக்குக் காட்டுவதற்காக எழுப்பவும் கூடாது. தண்ணீருக்குக் காலையும் மாலையும் இலைமேல் தெளிப்பு, அல்லது குளுக்கோஸ் ஏற்றும் குழாயை மேலே கட்டி இலையில் சொட்ட விடலாம். கையில் எடுத்துக் கொஞ்சுவதை அது விரும்புவதில்லை.

உங்களிடம் நான் பயப்படுவது இரையைப் பற்றித்தான். தோட்டத்தில் வெட்டுக்கிளி இலவசமாகக் கிடைக்கிறதே என்று பிடித்துப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் அடிக்காவிட்டாலும் பக்கத்து வயலில் மருந்து அடித்திருப்பார்கள். ஒரே நாளில் சுருண்டுவிடும். மருமகன் வாங்கும் வளர்ப்புப் பூச்சிகளையே தருவித்துக் கொடுங்கள். பெண்ணாக இருந்தால் ஆண் சேராமலே முட்டை கட்டும். கூண்டுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு ஈர மணல் வாளி வையுங்கள். குழி பறிக்க இடமில்லாமல் முட்டையை உள்ளேயே வைத்துச் செத்துப்போவதுண்டு.

மருமகன் திரும்பி வரத் தாமதமானால் வேலியில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஹவாய்த் தீவிலும் இந்த யேமன் இனம் அப்படித்தான் வெளியே போய்ப் பெருகிக் கிடக்கிறது.