கிரிவலத்துக்கு கேரவன் விடப் போறீங்களா? முதல்ல வண்டியை எடை போடுங்க

மக்களே, சைடு இன்கம் வீடியோவுல கேரவன் வாடகை பத்திப் பார்த்தோம். அதுல வர்ற ஒரு செலவை மட்டும் இங்கே தனியா பேசணும்.

ஐடியா இதுதான். நாலஞ்சு ஃபிரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு பழைய டிராவலர் வேன் வாங்கறது. உள்ளே பெட், கிச்சன், டாய்லெட் போட்டு, சென்னை, பெங்களூருவிலிருந்து திருவண்ணாமலைக்கு ஃபேமிலிகளைக் கூட்டிட்டுப் போறது. டிமாண்ட் இருக்கு, மறுக்கல. 14 கி.மீ. கிரிவலம் நடந்து முடிச்சவங்களுக்கு காலை நீட்டிப் படுக்க இடம் வேணும். பௌர்ணமி ராத்திரி ஊருக்குள்ளே ரூம் கிடைக்கிறது லேசுப்பட்ட காரியமில்ல.

இஎம்ஐ, டீசல், டிரைவர் பேட்டா, இன்சூரன்ஸ் எல்லாம் உங்க எக்செல் ஷீட்ல இருக்கும். வண்டியோட எடை இருக்காது. சஸ்பென்ஷன் போச்சுன்னா எல்லாரும் ரோட்டைத் திட்டுறாங்க. என்னைக் கேட்டா, பள்ளத்தைவிட பெரிய எதிரி நாமளே உள்ளே ஏத்தி வைக்கிற எடைதான்.

300 லிட்டர் தண்ணி டேங்க்னா 300 கிலோ. 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரி ரெண்டு வச்சா 100 கிலோவைத் தாண்டிடும். அப்புறம் பிளைவுட், ஏசி, ஜெனரேட்டர். பயணிகளாவது ஊர் வந்ததும் இறங்கிடுவாங்க; தண்ணியைத் தவிர இதுல எதுவும் இறங்காது. வண்டி சும்மா நிக்கிறப்பவும் லீஃப் ஸ்பிரிங் அதைச் சுமந்துகிட்டேதான் இருக்கும். அதுலயும் டேங்கை பின் வீலுக்குப் பின்னாடி வச்சா, நெம்புகோல் மாதிரி அதோட எடையைவிட அதிகமாவே பின் ஆக்சில்ல இறங்கும். கேரளா 2021-ல கேரவன் டூரிசம் ஆரம்பிச்சப்போ பாரத்பென்ஸ் கொண்டுவந்த கேரவன், பஸ் சேசிஸ் மேல கட்டினது. காரணம் இல்லாம இல்ல.

வண்டி பின்னாடி தாழ்ந்தா, பட்டறையில "எக்ஸ்ட்ரா பிளேட் ஒண்ணு போட்டுடலாம்"னு சொல்வாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. பிளேட் போட்டா வண்டி நிமிரும், ஆனா எடை ஒரு கிலோகூட குறையாது. ஸ்பிரிங் வாங்க வேண்டிய அதிர்ச்சி சேசிஸுக்கும் பிராக்கெட்டுக்கும் போகும். டயரும் பிரேக்கும் அதே பழசுதான். ஆர்சியில இருக்கற கிராஸ் வெயிட்டும் மாறாது.

சரி, இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. சாதாரண மோட்டார் பாலிசி தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கும் பணம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, வண்டியை இஷ்டத்துக்கு மாத்தவும் முடியாது. அனுமதி வாங்கி ஆர்சியில ஏத்தணும். (வெள்ளை போர்டுல வாடகைக்கு விடலாம்னு கனவு காண்றவங்க இங்கேயே இறங்கிக்கலாம்.)

அதனால அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி, லாரி எடை போடுற வே பிரிட்ஜுக்கு வண்டியை ஓட்டிட்டுப் போங்க. மொத்த எடை ஒரு தடவை, பின் வீல் மட்டும் ஏத்தி ஒரு தடவை. ஆட்கள், லக்கேஜ், தண்ணி எல்லாம் சேர்த்தும் ஆர்சி அளவுக்குள்ளே இடம் மிச்சம் இருந்தா மேல பேசுங்க. இல்லைன்னா அந்த வண்டி வேண்டாம், விலை எவ்வளவு குறைவா இருந்தாலும்.

ஓட்ட ஆரம்பிச்சப்புறம் கி.மீ.க்கு 3 ரூபாய்னு தனி அக்கவுண்ட்ல போட்டு வைங்க. சென்னையிலிருந்து போய்வர 400 கி.மீ., மாசம் நாலு டிரிப்னா 4,800 ரூபாய். ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசிஞ்சா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்த அந்தப் பணம் உதவும். புது ஸ்பிரிங் போட்டா, சில நூறு கி.மீ. ஓடினதும் யு போல்ட்டை மறுபடி டைட் பண்ணச் சொல்லுங்க. டயர் காத்து காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே பாருங்க.

இன்னொண்ணு, தண்ணி டேங்கை சென்னையிலேயே ரொப்பிட்டு திண்டிவனம், செஞ்சி வழியா 300 கிலோவைச் சுமக்க வேண்டியதில்ல. கை கழுவ ஒரு 30 லிட்டர் போதும். மிச்சத்தை கீழ்பென்னாத்தூர் தாண்டி ரொப்பிக்கலாம்.