விசா மறுத்தார்கள், மாநாட்டையே தம் மண்ணுக்குக் கொண்டு வந்தார்கள்!

2018-ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களின் உலக மாநாடு நடந்தது. கலந்துகொள்ளத் தயாராக இருந்த ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்கு விசா மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வான்கூவரிலும் இதே கதை. வந்தால் திரும்பிப் போக மாட்டார்கள் என்று சந்தேகமாம்! கறுப்பு நிறத்தவன் அறிவைத் தேடி வருவான் என்று நம்ப அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை.

விசா வரிசையில் நின்று தலைகுனிந்த அனுபவம் நம் இளைஞர்களுக்கும் புதிதல்ல. ஆனால் அந்த ஆப்பிரிக்கர்கள் புலம்பிக் கொண்டிருக்கவில்லை. அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

2017-லேயே ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் சுமார் 300 பேர் கூடி 'டீப் லேர்னிங் இந்தாபா' என்ற மாநாட்டைத் தொடங்கியிருந்தார்கள். இந்தாபா என்பது ஜூலு மொழிச் சொல். கூடிப் பேசி ஆலோசிக்கும் சபை என்று பொருள். நம் வழக்கில் சொன்னால் மஷூரா! அஷ்ஷூரா என்ற பெயரில் ஓர் அத்தியாயத்தையே ஓதி வரும் நாம், மஷூராவைப் பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தலோடு முடித்துக் கொண்டோம் என்பது வேறு விஷயம்.

அந்த மஷூரா நாடு நாடாகச் சென்றது. நைரோபி, துனிஸ், அக்ரா, டாக்கர் என்று வளர்ந்து 2025-ல் கிகாலியில் கூடியது. உலக மாநாடுகளில் ஒன்றான ஐ.சி.எல்.ஆரையும் 2020-ல் அடிஸ் அபாபாவில் நடத்த முடிவானது. கொரோனா வந்து அதைக் கெடுத்தது. விட்டார்களா? 2023-ல் கிகாலியில் நடத்தியே காட்டினார்கள்.

2022-ல் இந்தாபா கூடிய துனிஸ் நகரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 2014-ல் அந்த ஊரில்தான் கரீம் பெகிர் என்பவரும் ஸுஹ்ரா ஸ்லிம் என்ற பெண்மணியும் இன்ஸ்டாடீப் என்ற ஸ்டார்ட்அப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலீடு? இரண்டு மடிக்கணினிகளும் 2,000 டாலரும்! ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2023-ல், கொரோனா தடுப்பூசி தயாரித்த ஜெர்மனியின் பயோன்டெக் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. உடனடி விலை மட்டும் சுமார் 36 கோடி பிரிட்டிஷ் பவுண்டு. ஆப்பிரிக்க இளைஞர்களால் உலகத் தரத்தில் சாதிக்க முடியும் என்பதைத் தொடர்ந்து வலியுறுத்தி வருபவர் பெகிர். அவருக்கு மாநாடு என்பது அட்டை மாற்றிக் கொண்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கலையும் இடமல்ல. தன் மண்ணின் பிள்ளைகளைக் கண்டெடுக்கும் இடம்.

நம் ஊர்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லையா? இருக்கிறார்கள். பொறியியல் படித்துவிட்டு, கையில் ஒரு திட்டத்தோடு ஆறு மாதம் அலைந்துவிட்டு, ரியாதுக்கோ தோஹாவுக்கோ விமானம் ஏறுகிறார்கள். இதை ஒரு வணிகர் கூட்டத்தில் சொன்னபோது முதியவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், தோல் வாங்கப் பணம் கேட்டால் தோலைக் காட்டுவான். கடை வைக்கக் கேட்டால் கடையைக் காட்டுவான். கம்ப்யூட்டர் பையன் எதைக் காட்டுவான்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 2019-ல் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்று சொல்லி ஆயிரக்கணக்கான முஸ்லிம்களின் சேமிப்பைத் திரட்டி, சரிந்து விழுந்தது. வெளிநாடு ஓடிய அதன் நிறுவனர் ஜூலையில் கைதானார். தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் தெருவில் நின்றார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் மார்க்கம் காட்டிய வழி அதுவா? கதீஜா (ரலி) அவர்களின் முதலீட்டில் நபி (ஸல்) அவர்கள் சிரியாவுக்கு வணிகம் சென்றார்கள். முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. இதுவே முளாரபா. இலாபம் பேசிய விகிதப்படி. நஷ்டமானால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். உழைத்தவரின் மோசடியோ அலட்சியமோ காரணமானால் அவரே பொறுப்பு. மாதந்தோறும் இத்தனை சதவீதம் உறுதி என்று சொல்பவன் முளாரபா செய்யவில்லை. வட்டியை வேறு பெயரில் விற்கிறான்! ஐ.எம்.ஏ. விஷயத்தில் இந்த ஒன்றைக் கவனித்திருந்தாலே பலர் தப்பியிருப்பார்கள். எனவே பெரியவரே, பையன் காட்ட வேண்டியது கணக்குப் புத்தகத்தை. மாதம் ஒருமுறை, உங்கள் தணிக்கையாளர் முன்னிலையில். அதற்குச் சம்மதிக்காதவனுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

'நாமே ஏன் செய்ய வேண்டும்? மற்றவன் செய்ததை வாங்கிப் பயன்படுத்தினால் போதாதா?' என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். மற்றவன் செய்ததில் நாம் எப்படி இருக்கிறோம் தெரியுமா? கிரேடியோ என்ற ஸ்டார்ட்அப்பின் நிறுவனர்களில் ஒருவரான அபூபக்கர் ஆபித், ஸ்டான்ஃபோர்டில் 2021-ல் ஜி.பி.டி.-3 என்ற இயந்திரத்தைச் சோதித்தார். இரண்டு முஸ்லிம்கள் ஓரிடத்துக்குள் நுழைந்ததாக ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, மீதியை எழுதச் சொன்னார். 100 முறையில் 66 முறை அது குண்டு, துப்பாக்கி, கொலை என்றே எழுதியது! வேறு மதத்தவரின் பெயரைப் போட்டால் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. முஸ்லிம்கள் கடின உழைப்பாளிகள் என்பது போன்ற ஒரு வரியை முன்னால் சேர்த்தபோதும் குறைந்தது. இயந்திரத்துக்குத் தானாகப் பகை கிடையாது. மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துத்தான் அது பேசுகிறது. 1990-களில் தமிழ் நாளேடுகள் நம்மைப் பற்றிப் போட்ட தலைப்புகளை நினைத்துப் பாருங்கள். அவற்றை மட்டும் படித்து வளர்ந்த இயந்திரம் நம்மை என்னவென்று சொல்லும்?

ஆப்பிரிக்கர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 2019 முதல் 'மஸாகானே' என்ற அமைப்பில் கூடி, ஹவுஸா, யொரூபா, சுவாஹிலி, வோலோஃப் போன்ற தங்கள் மொழிகளைத் தாங்களே இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். இவற்றில் வோலோஃப் செனகல் நாட்டு முஸ்லிம்களின் மொழி. அதை அவர்கள் பல தலைமுறைகளாக அரபு எழுத்தில் எழுதி வந்திருக்கிறார்கள். வோலோஃபல் என்று அதற்குப் பெயர்.

இதைக் கேட்டவுடன் காயல்பட்டினத்துக்காரர்களுக்கும் கீழக்கரைக்காரர்களுக்கும் ஏதாவது நினைவுக்கு வர வேண்டுமே! நம் அரபுத் தமிழ்தான். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் 19-ஆம் நூற்றாண்டில் மார்க்க நூல்கள் எழுதிய எழுத்து. நம் பாட்டிமார்கள் சட்டம் படித்த எழுத்து. இன்று வீட்டுப் பரண்களிலும் பழைய மதரஸா அலமாரிகளிலும் கரையானுக்கு உணவாகிறது. இதைப் படிக்கத் தெரிந்த ஆலிம்கள் வயோதிகர்களாகிவிட்டார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களுக்கு அந்த எழுத்து தெரியாது. இருவரையும் ஒரே பாயில் உட்கார வைக்க எந்த நாட்டின் விசாவும் வேண்டாம்.

ஷஅபான் மாதத்துக்குள் ஒவ்வொரு கிளையும் தங்கள் மஹல்லாவில் எத்தனை அரபுத் தமிழ் ஏடுகள் உள்ளன, எவர் படிப்பார் என்று பட்டியல் எடுத்து மாவட்ட நிர்வாகிகளிடம் ஒப்படையுங்கள். படம் எடுக்க நல்ல கைப்பேசி ஒன்று போதும். ஏட்டை யாரிடமிருந்தும் வாங்கி வர வேண்டாம். அது அந்த வீட்டாரிடமே இருக்கட்டும். செலவுக்கு எந்த வணிகர் முன்வருகிறார் என்பதையும் எழுதுங்கள். அடுத்த இதழில் கணக்கோடு வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.