மலிவாய் வந்த பிரேக்

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த ஐந்தாண்டுகளும் பழைய கார்களை ஓடவைத்தவை உதிரிப்பாகங்களே. முன்னர் அவற்றைத் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏறினோம். இன்று ஓர்ஸ் ஹில் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் வாங்குகிறோம்.

நானும் வாங்கினேன். முன்சில்லுகளுக்கான பிரேக் பாட்கள், கடைவிலையில் பாதிக்கு. ஒரு மாதத்தில் கிறீச்சிடத் தொடங்கின. கழற்றிய மெக்கானிக், உராயும் பகுதி இரும்புத் தகட்டிலிருந்து விட்டுவந்திருப்பதைக் காட்டினார். "ஏத்தத்தாலை இறங்கேக்கை கழண்டிருந்தால் என்ன செய்திருப்பியள், ஐயா?" என்று கேட்டார். விற்றவரின் பக்கமோ அதற்குள் மறைந்துவிட்டிருந்தது.

இணையத்தை நான் பழிக்கவில்லை. போலி கடையிலும் உண்டு. ஆனால், கடையில் பொருளைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். பிழையென்றால் திரும்பிப்போய்க் கேட்க ஓர் ஆள் இருப்பார். ஆகவே, வைப்பர், கால்விரிப்பு, விளக்கு மூடி போன்றவற்றை மலிவாக வாங்குங்கள். பிரேக், ஸ்டியரிங், காற்றுப்பை ஆகியவற்றை, பாக இலக்கம் உங்கள் காரின் செஸி இலக்கத்துக்கு உரியதுதானா என்று சரிபார்த்து, பற்றுச்சீட்டுத் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். அங்கே நாம் மிச்சம்பிடிக்கும் பணத்துக்கு விலை கொடுப்பவர், தெருவைக் கடக்கும் வேறொருவராகவும் இருக்கலாம்.